சிவலைக்குச் சுட்ட தாமரை

நான் கீறிய படங்களில் ஊரே பார்த்துப் பேசியது ஒன்றே ஒன்றுதான். அதுவும் தாளில் இருந்தபோது இல்லை, எங்கள் சிவலைப் பசுவின் தொடையில் ஏறிய பிறகு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு. எனக்குப் பதினாறு வயது. பெயர் இராசேஸ்வரி, வீட்டில் ராசேசு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அம்மா சொல்வார், அதில் பொய் இல்லை. ஐயாவின் பெயர் அப்புத்துரை. புலோலியில் புகையிலைத் தோட்டம் செய்தவர், உருத்திரபுரத்தில் வயற்காணி கிடைத்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வாயில் இருந்து ஒரு சொல் வாங்குவது பெரும்பாடு. பிடித்தால் ‘ஓம்’ என்பார், பிடிக்காவிட்டால் ‘பாப்பம்’ என்பார், அதோடு கதை முடிந்தது. நான் வாய் ஓயாதவள். ஆனால் மனதுக்குள் உறுத்துகிற விசயம் என்றால் நானும் அவர் பிள்ளைதான், ஒன்றும் வெளியே வராது.

அந்த வருசம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சித்திரம் படிப்பிக்க அற்புதம் ரீச்சர் வந்தார். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்தவர். இருபத்துமூன்று வயது இருக்கும், எங்களைவிட உயரமும் இல்லை. அதுவரை சித்திரப் பாடம் என்றால் மேசையில் ஒரு குடத்தை வைப்பார்கள், நாங்கள் பார்த்துக் கீறுவோம். ரீச்சர் வந்த முதல் நாளே குடத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

“இனிப் பார்த்துக் கீறுறேல்லை, யோசிச்சுக் கீறுறம். இதுக்குப் பேர் டிசைன். படம் தானாக் கதைக்க வேணும். நீங்கள் பக்கத்தில நிண்டு விளங்கப்படுத்தக் கூடாது.”

சொன்னதோடு விடவில்லை. நாங்கள் கீறியதைச் சுவரில் ஒட்டிவிட்டு, கீறியவள் வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருக்க வேண்டும். மற்றவர்கள் தங்களுக்கு என்ன தெரிகிறது என்று சொல்வார்கள். எனக்கு அது நரக வேதனை. முதற் கிழமை நான் ஒரு வேல் கீறினேன். என் பக்கத்தில் இருக்கும் சிவனேஸ்வரி எழும்பி, “மண்வெட்டி, ரீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. இரண்டு நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மையாகவே மண்வெட்டிதான்.

அடுத்து ரீச்சர் தந்த வேலை, வீட்டுக்கு உதவுகிற ஓர் அடையாளம். அது எங்கள் வீட்டுக்குச் சரியான நேரத்தில் வந்தது. புலோலியில் மாடு வளவுக்குள் கட்டையில் கட்டியபடி நிற்கும், யாருடைய மாடு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இங்கே அப்படி இல்லை. புரட்டாதியில் காலபோகம் என்ற மாரிகால விதைப்புத் தொடங்கினால் ஊரெல்லாம் வயல், மாடு நிற்க இடமில்லை. அதனால் மாடுகளைப் பட்டிக்காரரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவர் மல்லாவிப் பக்கத்துக் காட்டுக்கரைக்கு ஓட்டிச் சாய்த்துக்கொண்டு போய் மேய்த்து, அறுவடைக்குப் பிறகு திருப்பிக் கொண்டுவருவார். நூற்றுக்கணக்கான மாடு ஒன்றாக நிற்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு, அதை மாட்டின் பின்தொடையில் சுட வேண்டும். அதே குறியைக் கீறி, ஊர் அதிகாரியான விதானையார் கையெழுத்து வைத்த சீட்டும் வேண்டும். சீட்டு இல்லாத மாட்டைப் பட்டிக்காரர் தொடவே மாட்டார்.

ஊரில் இருந்த குறிகள் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கோடு, ஒரு கொளுக்கி, ஒரு பிறை, ஒரு ‘க’. வளைந்த கம்பி ஒன்றைக் காய்ச்சி ஒவ்வொரு கோடாக இழுத்து முடித்துவிடுவார்கள். டிசைன் படிக்கும் எனக்கு அது என்ன வடிவு என்று இருந்தது.

“பிள்ளை, எங்கட வீட்டுக்கும் ஒரு குறி கீறித் தா” என்று ஐயா கேட்டார். அந்த மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட மிக நீளமான கேள்வி அதுதான். எனக்குத் தலைகால் தெரியவில்லை. மூன்று நாள் பின்னேரம் கவராயமும் அடிமட்டமுமாக இருந்து ஒரு தாமரை கீறினேன். எட்டு இதழ், சுற்றிவர ஒரு வட்டம், நடுவில் ஐயாவின் பெயருக்கு ஓர் ‘அ’. வகுப்பில் சுவரில் ஒட்டியதும் எல்லாரும் ஒரே குரலில் “தாமரை” என்றார்கள். ரீச்சர் இருபதுக்குப் பத்தொன்பது போட்டார்.

ஐயா அந்தத் தாளை வீட்டுக்கு வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். கதைக்காத மனிதர் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வேலியடியில் நிற்பதைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. மாட்டில் சுடுவதற்கு முன்னமே விதானையாரிடம் கொண்டுபோய்ச் சீட்டிலும் அந்தத் தாமரையைக் கீறுவித்துவிட்டார். பிறகு சைக்கிளில் பரந்தன் சந்திக்குப் போய், கொல்லரிடம் கொடுத்து, முழுத் தாமரையையும் ஒரே அச்சாக இரும்பில் அடிப்பித்துக்கொண்டு வந்தார்.

சிவலை எங்களுடைய நாகு. இன்னும் கன்று போடாத இளம் பசுவை நாங்கள் நாகு என்போம். அது பிறந்து இருபது நாளில் தாய்ப்பசு செத்துப்போயிற்று. கஞ்சித்தண்ணீர் பருக்கி அதை வளர்த்தவள் நான். என் சத்தம் கேட்டால் போதும், கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஆடி மாதம் ஒரு காலையில் குறி சுட்டோம். பக்கத்து வயற்காரர் இரண்டு பேர் சிவலையை நிலத்தில் விழுத்திக் காலைக் கட்டிப் பிடித்தார்கள், ஐயா அச்சை வைத்து அழுத்தினார். தோல் வெந்த மணத்தையும் சிவலை கத்திய சத்தத்தையும் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கோடு கோடாகச் சுட்டிருந்தால் பட்டுப் பட்டென்று முடிந்திருக்கும். இது இரும்புப் பாளம், அவ்வளவு சூட்டையும் ஓர் இடத்திலேயே இறக்கிவிட்டது. பத்து நாளில் இதழும் இல்லை, வட்டமும் இல்லை. வெந்த தோல் கழன்று பச்சைப் புண்ணாகி, புழுவும் வைத்துவிட்டது.

“என்ர கை நடுங்கிப் போச்சு பிள்ளை. கூட நேரம் வைச்சு அழுத்திப் போட்டன். உன்ர படத்தில பிழையில்லை” என்றார் ஐயா.

நான் அதை நம்பினேன். நம்ப எனக்கு வசதியாக இருந்தது. இன்னும் சொல்லப்போனால் அவர் மீது கோபப்பட்டும் திரிந்தேன், இப்படி ஒரு படத்தைப் பாழாக்கிவிட்டாரே என்று. காலையும் மாலையும் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் புண்ணில் பூசினேன், ஆனால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பூசினேன்.

ஆவணி நடுவில் புண் ஆறியது. மயிரே இல்லாத கறுப்புத் தழும்பு, உள்ளங்கை அளவு. சமைத்த சட்டியின் அடியைப் போல இருந்தது. அந்தக் கிழமை பட்டிக்காரர் தில்லைநாதன் மாடுகளைப் பார்க்க வந்தார். மல்லாவிக்காரர், முப்பத்தைந்து வயது மட்டில். எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் குறியைப் பார்த்தால் எந்த ஊர் எந்த வீடு என்று சொல்லிவிடுவார். சீட்டைப் பார்த்தார், சிவலையைப் பார்த்தார், திரும்பவும் சீட்டைப் பார்த்தார்.

“அண்ணை, சீட்டில பூ கிடக்கு. மாட்டில பூவைக் காணேல்லை. வழியில பொலிஸ் மறிச்சால் கள்ளமாடு எண்டு என்னையெல்லோ பிடிப்பாங்கள். மற்றத் தொடையில வடிவாச் சுட்டுப்போட்டுத் தாங்கோ. இல்லாட்டி என்னால ஏலாது.”

“பாப்பம்” என்றார் ஐயா.

பார்க்க என்ன இருந்தது? விதைப்புக்கு மூன்று கிழமைதான் இருந்தது. போன அறுவடை பாதிக்குப் பாதி, வீட்டில் வைக்கோல் முடிந்துவிட்டது, கட்டி வைத்துத் தீனி போட வழியில்லை. ஒன்று சிவலையைத் திரும்பவும் சுட வேண்டும், அல்லது விற்க வேண்டும். சுட விடமாட்டேன் என்று குசினி அடுப்படியில் நின்று கத்தினேன். “அப்ப விக்கத்தான் வேணும். நீயே சொல்லு, எது?” என்று அம்மா கேட்டார். 

அடுத்த நாள் சித்திர வகுப்பில் யாரோ கீறிய மயிலைச் சுவரில் ஒட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, எழும்பி நின்று, “ரீச்சர், நீங்கள் பத்தொன்பது தந்த படம் எங்கட மாட்டைத் தின்னுது” என்றேன்.  ரீச்சர் ஏசவில்லை. என்ன நடந்தது என்று கேட்டார், நானும் அழுது அழுது எல்லாம் சொன்னேன். அன்று பின்னேரம் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

கடற்கரைப் பிள்ளை, மாட்டுக்குப் பயம். முதலில் வேலியடியில்தான் நின்றார். பிறகு மெல்ல மெல்லக் கிட்ட வந்து, தழும்பின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டார். அவருடைய கண் கலங்கிவிட்டது.

“நான் ஒண்டும் கேக்கேல்லை, இராசேஸ்வரி. இதை என்னத்தால வைக்கிறது, எதில வைக்கிறது, ஆர் பாக்கிறது எண்டு ஒருக்காலும் உம்மட்டக் கேக்கேல்லை. தாளைப் பாத்துப் புள்ளி போட்டிட்டன்.”

“நானும் கேக்கேல்லை, ரீச்சர்.”

 பிறகு ரீச்சர் சொன்னார், “சுட்டுத்தான் ஆக வேணுமெண்டால் ஆகச் சின்னனாச் சுடுவம். ஆகக் குறைஞ்ச கோட்டில ஒரு குறி யோசிப்பம். ஆனா வகுப்புச் சுவரில ஒட்டிப் பாக்கிறேல்லை. அந்தத் தில்லைநாதனையே கூப்பிட்டுக் காட்டுவம். பாக்கிறது அவர்தானே.”

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை எங்கள் டிசைன் வகுப்பு அறுத்த வயலில் நடந்தது. தாள் தூரத்துக்குத் தெரியாது என்று எல்லாரும் வீட்டிலிருந்து நெல் புடைக்கிற சுளகு கொண்டுவந்தோம், அதில் கரியால் குறி கீறினோம். தில்லைநாதன் இந்த வரம்பில் குந்தியிருந்தார், நாங்கள் நூறு யார் தூரம், முந்நூறு அடி, தள்ளி மற்ற வரம்பில் சுளகைத் தூக்கிப் பிடித்தோம். சிவனேஸ்வரி ஓர் அன்னம் காட்டினாள்.

“தேத்தண்ணிக் கேத்தில்” என்று அங்கிருந்து கத்தினார் அவர். இன்னொருத்தியின் சங்கை வெங்காயம் என்றார். ரீச்சர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முதலில் மூன்று கோடு காட்டினேன். “உது மல்லாவியில ரெண்டு வீட்டில கிடக்கு, தங்கச்சி.” பிறை காட்டினேன், அதுவும் இருந்தது. கொளுக்கி, அதுவும் இருந்தது. கொஞ்சம் கூட்டிக் கீறினால் “ஒண்டும் விளங்கேல்லை, ஊத்தை மாதிரிக் கிடக்கு” என்றார். இலேசான குறியெல்லாம் ஊரவர்கள் எடுத்தாயிற்று. மிச்சமெல்லாம் தூரத்தில் ஊத்தை. கரிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அவர் எழும்பி எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். “தங்கச்சி, அங்கால வாய்க்கால் கரையில மேயுறது உங்கட சிவலையெல்லோ? கலைச்சு விடுங்கோ, மதகுக்குள்ள விழப்போகுது.”

திரும்பிப் பார்த்தேன். எங்களிடமிருந்தே இன்னொரு நூறு யார் தூரம் இருக்கும். ஏழெட்டு மாடு நின்றது, அதில் ஐந்து சிவலை நிறம். ஓடிப்போய் எங்களுடையதைக் கலைத்துவிட்டு, மூச்சு வாங்க அவரிடம் வந்தேன்.

“அண்ணை, அங்க அஞ்சு சிவலை நிக்குது. எங்கட எது எண்டு எப்பிடிச் சொன்னனீங்கள்?”

“அந்தக் கறுப்பு அடையாளம் கண்ணில குத்துதே. அப்பிடி ஒண்டு இந்தப் பக்கத்தில எந்த மாட்டிலயும் இல்லை.”

“அப்ப ஏன் கொண்டுபோக மாட்டனெண்டனீங்கள்?”

“நான் எங்க மாட்டில பிழை சொன்னனான்? சீட்டிலதானே சொன்னனான்.”

ரீச்சர் என்னைப் பார்த்தார். “எங்கட அப்பாட வள்ளத்துப் பாயில ஒரு ஒட்டு இருக்கு” என்று மெதுவாகச் சொன்னார். “கரையில நிண்டு அம்மா அதைப் பாத்துத்தான் அவர் வாறார் எண்டு உலை வைப்பா. அதுக்கு ஒருத்தரும் டிசைன் கீறேல்லை.”

எனக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. மாற்ற வேண்டியது மாட்டை இல்லை, சீட்டை. தாமரையை வெட்டிவிட்டு மாட்டில் கிடப்பதைக் கீறிக் கொடுத்தால் சிவலை ஒரு சூடும் படாமல் போகும். சந்தோசத்தில் வீட்டுக்கு ஓடினேன். வாசலுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. ஐயா கண்ணில் ஒற்றிக்கொண்டு திரிந்த தாமரை அது. அதை வெட்டிப்போடுங்கள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஐயா மாமரத்தடியில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“பாப்பம்” என்றார், தலை நிமிராமலே.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பாப்பம் பாப்பம் எண்டு எத்தினை நாளைக்கு ஐயா? உங்கட கை நடுங்கேல்லை. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் உங்களில பழியைப் போட்டிட்டு இருந்தனான்.”

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.  பிறகு கதைத்தார், என் வாழ்நாளில் நான் கேட்டிராத அளவுக்குக் கதைத்தார்.

“பரந்தன் கொல்லன் சொன்னவன், பிள்ளை. கோடெல்லாம் கிட்டக் கிட்டக் கிடக்கு, தோல் வெந்தால் எல்லாம் ஒண்டாப் போயிடும் எண்டு. எனக்கும் விளங்கினதுதான். ஆனா நீ மூண்டு நாள் சாப்பாடு தண்ணியில்லாமல் இருந்து கீறினது. உன்னட்ட வந்து இது சரிவராது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. சிவலைக்கு நோகும் எண்டு நினைக்கேல்லை. உனக்கு நோகும் எண்டுதான் நினைச்சன்.”

“சொல்லியிருந்தால் ரெண்டு நாள் கோவிச்சிருப்பன் ஐயா. அவ்வளவுதானே.”

“ஓம்” என்றார்.  என் மேல் அவர் வைத்த பாசத்துக்குச் சிவலை அல்லவா புண் சுமந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் தானாகக் கதைக்க வேண்டும் என்று வகுப்பில் படித்துக்கொண்டு வந்த நான், வீட்டில் ஒருவரோடு ஒருவர் கதைக்க வேண்டும் என்பதைப் படிக்கவில்லை. அதற்குப் பாடமும் இல்லை, ரீச்சரும் இல்லை.

அடுத்த நாள் சிவலையையும் பிடித்துக்கொண்டு விதானையார் கனகலிங்கம் வீட்டுக்குப் போனோம். அவர் விறாந்தையில் மேசையைப் போட்டு இருந்தார். சீட்டை மாற்றக் கேட்டதும் முகம் சுளித்தார்.

“எழுதிக் குடுத்ததை மாத்துறதெண்டால் காரணம் வேணும், அப்புத்துரை.”

“பிழை என்னில, விதானையார். கொல்லன் சொன்னதையும் கேளாமல் சுட்டவன் நான்.”

“இல்லை, படத்திலதான் பிழை. நான் கீறினது” என்றேன் நான்.

“நீ சும்மா இரு பிள்ளை” என்றார் ஐயா.

“நீங்கள் சும்மா இருங்கோ ஐயா.”

விதானையார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆரின்ர பிழை எண்டு எழுத இந்தத் துண்டில இடமில்லை” என்று சொல்லி ஒரு புதுச் சீட்டை எடுத்து, பேனையை என் பக்கம் நீட்டினார். “மாட்டில கிடக்கிறதைக் கீறும். உதை எனக்குக் கீறத் தெரியாது.”

முற்றத்தில் ஐயா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் சிவலையின் பின்னால் குந்தினேன். முகத்தைத் திருப்ப வழியில்லை, பார்த்துத்தான் கீற வேண்டும். அன்றைக்குத்தான் அந்தத் தழும்பை முதன்முதலாக முழுதாகப் பார்த்தேன். வட்டம் இருந்த இடம் ஒரு பக்கம் சப்பையாகிக் கிடந்தது. கீழே, அது உதறியபோது இரும்பு வழுக்கிய இடத்தில் ஒரு வால் நீண்டிருந்தது. நடுவில் மட்டும் நகம் அளவு இடத்தில் சூடு படாமல் சிவந்த மயிர் நின்றது. ஒரு வளைவையும் வடிவாக்கவில்லை, ஒரு மூலையையும் நேராக்கவில்லை. கீறிக்கொண்டே சிவலையிடம் மன்னிப்புக் கேட்டேன். அது அசைபோட்டுக்கொண்டு நின்றது. என் கை நனைந்து மை ஊறப் பார்த்தது. ஐயா குனிந்து தன் சால்வைத் தலைப்பைத் தந்தார்.

புரட்டாதி முதற் கிழமை பட்டி புறப்பட்டது. ரீச்சரும் வந்திருந்தார், வேலிக்கு இப்பால்தான் நின்றார். தில்லைநாதன் சீட்டை வாங்கிச் சிவலையின் தொடைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். தாளையும் தழும்பையும் இரண்டு மூன்று தரம் பார்த்தார். 

“இதுதான்” என்று சொல்லிச் சீட்டை மடித்து மடிக்குள் வைத்தார். கழுத்துக் கயிற்றை அவிழ்த்து என் கையில் தந்துவிட்டு மாடுகளைச் சாய்க்கத் தொடங்கினார்.

சிவலை இரண்டாம் தரம் சூடு படாமல் மல்லாவிப் பாதையில் நடந்து போனது. நான் அடக்க மாட்டாமல் அழுதேன். ஐயா வழக்கம்போல மற்றப் பக்கம் திரும்புவார் என்றுதான் நினைத்தேன். அவர் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே, “எனக்கும் அழுகை வருது, பிள்ளை” என்றார்.